ஒரே பெயரில் இரண்டு கோப்பு: ஜிப் கட்டும் இயங்குதளத்தின் நம்பிக்கையும்

தா.பழூர் கடைவீதியில் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, மொபைல் சர்வீஸ் கடை என எங்கே நுழைந்தாலும் அங்கே நாளுக்குப் பல முறை நடக்கும் வேலை ஒன்று உண்டு: ஜிப் ஃபைலைப் பிரிப்பது. ஆதார் ஆணையம் தரும் தாளில்லா ஆஃப்லைன் கேஒய்சி ஆவணம் ஜிப்பாகத்தான் இறங்கும். நாமே வைத்த நான்கு எழுத்துப் பகிர்வுக் குறியைக் கொடுத்தால்தான் திறக்கும். வருமானவரிப் பிடித்தத்துக்கான ஃபார்ம் 16 ட்ரேசஸ் தளத்திலிருந்து இறங்குவதும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் தமிழ் எழுத்துருக்களும் இப்படிக் கட்டுகளாகவே வருகின்றன. ஜிப் என்று பெயரில் தெரியாதவையும் இருக்கின்றன. வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் உள்ளே ஜிப்தான். போனில் ஆப் நிறுவ உதவும் ஏபிகேயும் முழுக்க முழுக்க ஒரு ஜிப் கட்டுதான்.

இந்தக் கட்டைப் பிரித்துத் தரும் பொறுப்பை முன்பு தனி மென்பொருள்கள் சுமந்தன. பிறகு இயங்குதளமே அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து விண்டோஸ், ஆண்ட்ராய்டு, மேக் மூன்றிலும் இதே இடத்தில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றன. 2002இல் அடைத்த வகை ஓட்டை 2025இல் வேறொரு மென்பொருளில் திரும்ப வந்திருக்கிறது. தனித்தனி விபத்துகளாகச் செய்தியில் வந்துபோகும் இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக் காரணம் தெரிகிறது. சுருக்கும் கணக்கில் கோளாறு இருந்தது சில சமயம்தான். ஒரே கட்டை, சோதிக்கிற நிரல் ஒரு விதமாகவும் திறக்கிற நிரல் வேறு விதமாகவும் வாசித்ததுதான் பெரும்பாலான கேடுகளுக்கு வேர்.

கட்டின் அமைப்பு

தரவைச் சுருக்கும் அடிப்படை முறையை இஸ்ரேலின் ஆபிரகாம் லெம்பெலும் யாக்கோப் ஸிவ்வும் 1977, 1978ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். முன்பே வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், ‘இத்தனை எழுத்துக்கு முன்னால் போ, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறித்து வைப்பது அதன் சாரம். அமெரிக்கரான ஃபில் காட்ஸ் 1989இல் பிகேஜிப் என்ற மென்பொருளை வெளியிட்டு, ஜிப் வடிவத்தின் விவரத்தையும் யாரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார். அந்தத் தாராளத்தால்தான் ஜிப் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது ஃப்ளாப்பி காலத்து வடிவம். கட்டின் கடைசியில் புதிதாக ஒரு கோப்பைச் சேர்க்க வேண்டுமானால் மொத்தத்தையும் திரும்ப எழுதக் கூடாது, ஒரு கட்டைப் பல ஃப்ளாப்பிகளில் பிரித்து வைக்க முடிய வேண்டும் என்பவை அன்றைய தேவைகள். அதற்கேற்ப விவரம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயரும் அளவும் சொல்லும் தலைப்பு ஒன்று. கட்டின் கடைசியில் எல்லாக் கோப்புகளுக்குமான மையப் பட்டியல் ஒன்று.

இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும்? கடைசியில் உள்ள பட்டியலே செல்லும் என்பது பொதுவான புரிதல். ஆனால் முழுக்கட்டும் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத நிரல்கள் முன்னாலிருந்தே வாசித்துக்கொண்டு போகின்றன. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் முதலாவதா, இரண்டாவதா என்பதை ஒவ்வொரு நிரலாளரும் தமக்குத் தோன்றியபடி எழுதினார்கள். ஒரு நிலத்துக்குப் பட்டாவில் ஒரு பெயரும் அடங்கலில் வேறொரு பெயரும் இருந்து, கடன் கொடுக்கும் வங்கி ஒன்றையும் காப்பீடு கொடுப்பவர் இன்னொன்றையும் பார்த்தால் என்ன ஆகும் என்பது உடையார்பாளையம் வட்டத்து விவசாயி யாருக்கும் விளங்கும். இரண்டு அலுவலகமும் தங்கள் வரையில் சரியாகவே நடந்திருக்கும். ஏமாற்ற நினைப்பவனுக்கு அந்த இடைவெளி போதும்.

விண்டோஸில் தொடங்கியது

விண்டோஸ் 98உடன் விற்ற பிளஸ் தொகுப்பில்தான் ஜிப் கோப்பைச் சாதாரண ஃபோல்டர் போலத் திறந்து காட்டும் வசதி முதலில் வந்தது. பிறகு மில்லேனியம், எக்ஸ்பி பதிப்புகளில் அது நிரந்தரமானது. 2002 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்02-054 அறிவிப்பில் இந்த வசதியின் இரண்டு ஓட்டைகள் ஒன்றாக இருந்தன. கட்டுக்குள் இருக்கும் கோப்பின் பெயர் மிக நீளமாக இருந்தால் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதப்பட்டு, தாக்குபவர் விரும்பிய நிரல் ஓடக்கூடும் என்பது ஒன்று. பிரிக்கும்போது கோப்பு நாம் சொன்ன இடத்தில் விழாமல், கட்டு அனுப்பியவர் குறித்த இடத்தில் விழக்கூடும் என்பது மற்றொன்று. 2004 அக்டோபரில் எம்எஸ்04-034 வந்தது. எக்ஸ்பியிலும் சர்வர் 2003இலும் அதே ஜிப் ஃபோல்டர் வசதியில் மறுபடி நினைவக ஓட்டை.

முதல் வகை ஓட்டைகள் இன்றும் வருகின்றன. ஆனால் நினைவகப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பெருகியதால் அவற்றைப் பயன்படுத்துவது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. இரண்டாவது வகைதான் ஓயவில்லை. கோப்பின் பெயரிலேயே ‘ஒரு படி மேலே போ’ என்று பொருள்படும் இரண்டு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் எழுதி, பிரிப்பவரின் ஃபோல்டரைவிட்டு வெளியே ஏறிப் போய் விழச் செய்வது அந்த உத்தி. 2018இல் ஸ்னிக் நிறுவனம் ‘ஜிப் ஸ்லிப்’ என்று பெயரிட்டு, எத்தனையோ நிரல் நூலகங்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே இருந்ததை வெளிப்படுத்தியது. 2019இல் செக் பாயிண்ட் ஆய்வாளர்கள், கட்டுகளைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருளில் கண்டது இன்னும் கவலை தருவது. ஏஸ் என்ற பழைய வடிவத்தைப் பிரிக்கும் ஒரு துணைக்கோப்பில் ஏறத்தாழ 19 ஆண்டுகளாக அந்த ஓட்டை இருந்திருக்கிறது. அதன் மூலநிரல் வின்ரார்க்காரர்களிடமே இல்லாததால் திருத்த வழியின்றி, ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். 2025 ஜூலையில் ஈசெட் நிறுவனம் வின்ராரில் கண்ட, சிவிஇ-2025-8088 என்று எண்ணிடப்பட்ட ஓட்டையும் பாதை மாற்றுவதுதான். வேலை விண்ணப்பம் என்று வந்த ரார் கட்டைப் பிரித்தவர்களின் கணினியில், அடுத்த முறை லாகின் செய்ததும் தானே ஓடும் இடத்தில் தீநிரல் போய் உட்கார்ந்தது. 30-7-2025இல் வந்த வின்ரார் 7.13 அதைச் சரிசெய்தது. வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நாமே இறக்கி நிறுவாதவரை பழைய பதிப்பே ஓடும்.

போனுக்குள் நடந்தது

தா.பழூர் ஒன்றியத்து ஊர்களில் கணினி உள்ள வீட்டைவிட ஆண்ட்ராய்டு போன் உள்ள வீடு மிக அதிகம். அதனால் இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான அத்தியாயம் 2013 ஜூலையில் வெளிவந்த ‘மாஸ்டர் கீ’ ஓட்டைதான். ப்ளூபாக்ஸ் செக்யூரிட்டியின் ஜெஃப் ஃபோரிஸ்டல் அதை அறிவித்தார். ஆண்ட்ராய்டு 1.6 தொடங்கி ஏறத்தாழ எல்லாப் பதிப்புகளிலும், 90 கோடி சாதனங்கள் வரை, அது இருக்கக்கூடும் என்பது அவர் கணக்கு.

அன்றைய ஏபிகே கட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் தயாரிப்பாளரின் கையொப்பம் இருந்தது. ஆப்பை நிறுவும் முன் அந்தக் கையொப்பத்தை ஆண்ட்ராய்டு சரிபார்க்கும். சரிபார்க்கும் பகுதி ஜாவாவில் எழுதப்பட்டிருந்தது. நிறுவி ஓட்டும் பகுதி சி++ மொழியில் இருந்தது. கட்டில் ஒரே பெயருள்ள கோப்பு இரண்டு இருந்தால், ஜாவா பகுதி பட்டியலைத் தொகுக்கும்போது இரண்டாவது முதலாவதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் உள்ளதே சரிபார்க்கப்படும். சி++ பகுதியோ முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். ஆகவே அசலான, கையொப்பம் உள்ள கோப்பை இரண்டாவதாகவும் தீநிரலை அதே பெயரில் முதலாவதாகவும் வைத்தால் போதும். சரிபார்ப்பு அசலைப் பார்த்து ஒப்புதல் தரும், ஓடுவது தீநிரல். கையொப்பக் கணிதம் எங்கும் உடைக்கப்படவில்லை. தொடவே தேவை இல்லாமல் போயிற்று.

சில நாட்களில் சீன ஆய்வாளர்கள் இரண்டாவது ஓட்டையை வெளியிட்டார்கள். தலைப்பில் ‘கூடுதல் விவரம்’ எத்தனை பைட் என்று குறிக்க 16 பிட் எண் ஒன்று உண்டு. சி++ அதைக் குறையெண் இல்லாத எண்ணாக வாசித்தது, ஜாவா குறையெண்ணாகவும் இருக்கலாம் என்று வாசித்தது. ஒன்றுக்கு 65,533 என்று தெரியும் அதே பிட்டுகள் மற்றதற்கு மைனஸ் 3. மூன்று பைட் பின்னால் போனால் கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் வரும், ஆப்பின் நிரல் இருக்கும் கிளாசஸ்.டெக்ஸ் என்ற கோப்பின் பெயர் முடியும் அந்த ‘டெக்ஸ்’ என்ற எழுத்துகளே டெக்ஸ் வகைக் கோப்பு தொடங்கும் அடையாளமாகவும் இருக்கின்றன. பெயரின் வாலே கோப்பின் தலையாகிவிட்டது. இதைக் கண்டவர்களின் கூர்மையை வியக்கிறேன்; இதைச் சாத்தியமாக்கிய அலட்சியத்தை மன்னிக்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் ஒரே இயங்குதளத்துக்குள் ஒரே வடிவத்தை வாசிக்க இரண்டு தனி நிரல்கள் இருந்தன, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதே ஆண்டு மூன்றாவதாகவும் ஒன்று வந்தது. கோப்புப் பெயரின் நீளத்தை வாசிப்பதில் இருந்த வேறுபாடு அது.

கூகுள் திருத்தம் கொடுத்தது. திருத்தம் கூகுளிலிருந்து போன் தயாரிப்பாளருக்குப் போய், அவர் தம் மாடலுக்கு ஏற்ப மாற்றி அனுப்பினால்தான் வாங்கியவரிடம் வந்து சேரும். மலிவு விலை போன்கள் கிராமங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வாங்கிய நாளில் இருந்த பதிப்பிலேயே உடைந்துபோகும்வரை ஓடிய போன்கள் எத்தனையோ.

2017 டிசம்பரில் ‘ஜேனஸ்’ ஓட்டை வெளிவந்தபோது இன்னொரு வாசிப்பு வேறுபாடு வெளிப்பட்டது. ஜிப் கடைசியிலிருந்து வாசிக்கப்படுவதால் கட்டுக்கு முன்னால் எதை ஒட்டினாலும் கையொப்பச் சோதனை கண்டுகொள்ளவில்லை. ஓட்டும் பகுதியோ முதல் சில பைட்டுகளைப் பார்த்து, டெக்ஸ் என்று இருந்தால் அதையே ஓட்டியது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் 8.0 வரை பழைய வகைக் கையொப்பம் கொண்ட ஆப்களுக்கு இது பொருந்தியது.

இந்தத் தொடருக்கு நிலையான விடை ஒன்று அதற்கு முன்பே, 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7.0இல் வந்திருந்தது. இரண்டாம் கையொப்ப முறை கட்டுக்குள்ளே இருக்கும் கோப்புகளைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டு, கட்டின் பைட்டுகளையே மொத்தமாகப் பார்க்கிறது. முன்னால் ஒட்டினாலும் நடுவில் செருகினாலும் கையொப்பம் பொருந்தாது. இந்தத் துறையில் நடந்த திருத்தங்களிலேயே இதை நான் மிகவும் மதிக்கிறேன். மற்றவை ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தன; இது, சோதிப்பதற்குக் கட்டைப் பிரித்து வாசிக்க வேண்டிய தேவையையே எடுத்துவிட்டது.

டெல்லி அலுவலகங்களைத் தேடி வந்த கட்டு

பத்தாண்டு கழித்து அதே ‘ஒரே பெயர்’ உத்தி வின்ராரில் திரும்பி வந்தது, இம்முறை இந்திய அரசு அலுவலகங்களையும் குறிவைத்து. சிவிஇ-2023-38831 என்ற அந்த ஓட்டையில், கட்டுக்குள் பிடிஎஃப் போலத் தெரியும் ஒரு கோப்பும், இறுதியில் இடைவெளியோடு அதே பெயர் கொண்ட ஒரு ஃபோல்டரும் இருக்கும். ஃபோல்டருக்குள் அதே பெயருடன் ஒரு கட்டளைக் கோப்பு. பார்ப்பவர் பிடிஎஃபை டபுள் கிளிக் செய்தால் வின்ரார் தற்காலிக இடத்தில் இரண்டையும் பிரித்து வைக்கும். பெயரின் முடிவில் உள்ள இடைவெளியை விண்டோஸ் கையாளும் விதத்தால் கட்டளைக் கோப்பே ஓடும். குரூப்-ஐபி நிறுவனம் 2023 ஜூலையில் இதைக் கண்டபோது, ஏப்ரலிலிருந்தே பங்குச் சந்தை வர்த்தகர்களிடம் அது பயன்படுத்தப்பட்டு வந்தது தெரிந்தது. ஆகஸ்ட் 2023இல் வின்ரார் 6.23 வெளிவந்தது.

திருத்தம் வந்து மூன்று மாதம் கழிந்த நவம்பரில், புனேவின் குயிக் ஹீல் நிறுவனத்தைச் சேர்ந்த செக்ரைட் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாகிஸ்தானோடு தொடர்புபடுத்தப்படும் சைடுகாபி என்ற குழு இந்த ஓட்டையைக் கொண்டு இந்திய அரசு அமைப்புகளைத் தாக்கியதாகவும், ஆலகோர், டிராட், ஏரெஸ் ஆகிய தொலைக்கட்டுப்பாட்டு நிரல்களை உள்ளே இறக்கியதாகவும் அது சொன்னது. ஏரெஸின் லினக்ஸ் வடிவமும் அதில் இருந்தது கவனிக்கத்தக்கது. அரசு அலுவலகங்களில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட லினக்ஸ் பயன்பாடு இருக்கிறது என்பதைத் தாக்குபவர்கள் அறிந்தே வந்தார்கள்.

திருத்தம் வெளியான பின்னும் பயன்பட்ட ஓட்டை இது என்பதுதான் இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. தலைநகர அலுவலகத்துக் கணினியிலேயே மூன்று மாதமாகப் புதுப்பிக்காத வின்ரார் இருக்கக்கூடுமென்றால், கொள்ளிடக் கரையில் தனி ஆளாக நடத்தும் டிடிபி கடையில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கடைக்காரரிடம் குறை காண்பதற்கு எனக்கு மனம் வராது. எச்சரிக்கை ஆங்கிலத்தில், பதிப்பு எண்களோடு, அவர் பார்க்காத இடத்தில் வெளியாகிறது.

முத்திரை தொலையும் இடம்

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்பதை விண்டோஸ் மறக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வெளிவந்த 2004 முதல், அப்படி வரும் கோப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை அது ஒட்டி வைக்கிறது. பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும்போது எச்சரிப்பதும், வேர்டு கோப்பைப் பாதுகாப்புக் காட்சியில் திறப்பதும் இந்தக் குறிப்பை வைத்துத்தான். 2022இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த வேர்டு, எக்செல் போன்ற ஆஃபீஸ் கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே முடக்கியபோது இந்தக் குறிப்பின் மதிப்பு பலமடங்கு கூடியது. தாக்குபவர்கள் உடனே ஜிப், ஐஎஸ்ஓ போன்ற கட்டுகளுக்கு மாறினார்கள். கட்டின் மேல் குறிப்பு இருந்தாலும், பிரித்து எடுத்த கோப்பின் மேல் அது இருக்குமா என்பதே அவர்களுக்கு முக்கியமான கேள்வி ஆனது.

பல சமயம் இருக்கவில்லை. ஜிப்பில் உள்ள கோப்பு ‘வாசிக்க மட்டும்’ என்று குறிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் அதைப் பிரித்து வைத்தபின் குறிப்பை எழுத முயன்று, எழுத அனுமதி இல்லாமல் தோற்று, பேசாமல் விட்டுவிட்டது. வில் டோர்மன் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டிய இந்த ஓட்டை சிவிஇ-2022-41049 என்ற எண்ணில் 2022 நவம்பரில் அடைக்கப்பட்டது. செவன்-ஜிப் மென்பொருளில், கட்டுக்குள் கட்டு வைத்தால் உள்கட்டின் கோப்புகளுக்குக் குறிப்பு போகவில்லை, 24.09 பதிப்பில் 2024 நவம்பரில் அது சரிசெய்யப்பட்டது. அதற்கு முன்பே உக்ரைன் அமைப்புகள் மேல் அது பயன்படுத்தப்பட்டிருந்தது. ஆப்பிளின் மேக்கும் தப்பவில்லை. கட்டுக்குள் பாதை 886 எழுத்துகளுக்கு மேல் நீண்டால் பிரிக்கப்பட்ட கோப்பில் ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற அடையாளம் விழாமல் போனது 2021இல் தெரியவந்தது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. விண்டோஸ் இந்தக் குறிப்பை என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில்தான் வைக்க முடியும். கடைகளில் கைமாறும் பென்டிரைவ்களில் பெரும்பாலானவை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி வடிவத்தவை. அதில் ஏறிய மறுகணமே குறிப்பு போய்விடும். இணையத்தில் இறக்கிய கட்டு, ஜெயங்கொண்டத்து மையத்திலிருந்து பென்டிரைவில் தா.பழூர் கடைக்கு வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல அந்தக் கணினியில் எதுவும் இருக்காது. எந்த ஓட்டையும் பயன்படுத்தப்படாமலே பாதுகாப்பின் ஒரு அடுக்கு கழன்றுவிடுகிறது. ஊர்ப்புறக் கணினிகள் பற்றி யோசிக்கும்போது, எண்ணிட்ட ஓட்டைகள் எல்லாவற்றையும்விட இதைப் பெரியதாக நினைக்கிறேன். இதற்கு யாரும் எண் கொடுப்பதில்லை, ஆகவே யாரும் திருத்தம் வெளியிடுவதுமில்லை.

பிரித்தாலே போதும், திறக்க வேண்டாம் என்ற நிலைக்கும் வந்துவிட்டோம். 2025 மார்ச்சில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் அடைக்கப்பட்ட ஒரு ஓட்டையில், ஜிப்பிலிருந்து ‘லைப்ரரி-எம்எஸ்’ வகைக் கோப்பு ஒன்று ஃபோல்டரில் விழுந்ததுமே, எக்ஸ்ப்ளோரர் அதைத் தானே வாசித்து, அதில் குறித்திருந்த வெளிக் கணினியைத் தொடர்புகொண்டு, பயனரின் கடவுச்சொல்லிலிருந்து கணித்த சான்றை அனுப்பிவிட்டது. திருத்தம் வந்த சில நாட்களிலேயே போலந்திலும் ருமேனியாவிலும் அது பயன்படுத்தப்பட்டதை செக் பாயிண்ட் கண்டது. ‘தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள்’ என்று மக்களிடம் சொல்லி வந்த அறிவுரை இங்கே பயனற்றுப் போயிற்று. யாரும் எதையும் திறக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே

இந்தியாவில் அண்மைக் காலத்தில் மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் வேறு வழியில். போக்குவரத்து அபராத ரசீது, வங்கியின் பரிசுப் புள்ளி, கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே வருகிறது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, வங்கி அனுப்பும் ஓடிபியை எடுத்துக்கொள்கிறது. அரசின் வாகனச் சேவையான பரிவாகன் பெயரிலான போலி ஆப் ஒன்றை 2024இல் ஆராய்ந்த பெங்களூரு கிளவுட்செக் நிறுவனம், 4,400க்கு மேற்பட்ட போன்களில் அது நிறுவப்பட்டதையும், ஒரே மோசடிக்காரரின் கையில் 16 லட்சம் ரூபாய்க்கு மேல் போனதையும் பதிவு செய்தது. இது இயங்குதள ஓட்டை இல்லை, மக்கள் தாமே நிறுவுகிறார்கள் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன்.

ஏனென்றால் இங்கும் கட்டை இரண்டு விதமாக வாசிக்கும் தந்திரம் உள்ளே இருக்கிறது. ஜிப் தலைப்பில் எந்தச் சுருக்கு முறை பயன்பட்டது என்று எழுத ஓர் இடம் உண்டு. அங்கே இல்லாத முறை ஒன்றின் எண்ணைத் தீநிரல் எழுதுபவர்கள் வேண்டுமென்றே எழுதுகிறார்கள். ஆய்வுக் கருவி அதைப் பார்த்து, ‘இந்தக் கட்டு எனக்குப் புரியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு தயங்காமல் நிறுவிக்கொள்கிறது. ஜிம்பீரியம் நிறுவனம் 2023இல் இப்படிப்பட்ட 3,300 ஏபிகேக்களைக் கண்டதாகச் சொன்னது. அவற்றில் ஒரு பகுதி உண்மையிலேயே போனில் ஓடக்கூடியவை. காவலுக்கு நிற்பவரால் வாசிக்க முடியாத கட்டை இயங்குதளம் ஏன் ஏற்க வேண்டும்?

கூகுள் 2024இல் இந்தியாவில் சோதனையாகத் தொடங்கிய கூடுதல் மோசடித் தடுப்பு, சரியான திசையில் ஒரு நகர்வு. பிரவுசர், வாட்ஸ்அப் போன்ற செயலி, கோப்பு மேலாளர் வழியாக வந்த ஆப் எஸ்எம்எஸ் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால், பிளே புரொடெக்ட் நிறுவலையே நிறுத்துகிறது. எங்கிருந்து வந்தது என்ற தகவலைத் தொலைக்காமல் முடிவெடுக்கும் இடம்வரை கொண்டுபோவதுதான் இதன் பலம்.

கடவுச்சொல் போட்ட கட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். உள்ளே என்ன இருக்கிறது என்று வைரஸ் தடுப்பு நிரல் பார்க்க முடியாது. கடவுச்சொல்லை மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பும் மோசடிகள் அதனால்தான் பெருகின. அரசுத் தளங்களே கடவுச்சொல் ஜிப்பை வழக்கமாக்கிய பிறகு, அப்படிப்பட்ட கட்டு வந்தால் சந்தேகப்படு என்று மக்களிடம் சொல்வது எடுபடாது. 42 கிலோபைட்டிலிருந்து 4.5 பெட்டாபைட்டாக விரியும் ‘ஜிப் குண்டு’ பற்றிப் பலரும் ஆர்வமாகப் பேசுவார்கள். வட்டை நிரப்பி எந்திரத்தைத் திணறடிப்பதைத் தாண்டி அது நம் ஊர்ப் பயனருக்குப் பெரிய ஆபத்து இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கு நூலகத்தில் பின்கதவு வைக்கப்பட்டதை, எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் பிடித்தது வேறு வகைக் கதை: சுருக்கு நூலகம் ஒவ்வொரு லினக்ஸிலும் அடித்தளமாக இருக்கிறது, அதைப் பராமரிப்பவர் தனி ஆளாக, ஊதியமின்றி, களைத்துப் போயிருந்தார்.

யார் செய்ய வேண்டியது

பல ஆண்டுகளாக மென்பொருள் உலகில் ஒரு நல்லெண்ணக் கொள்கை இருந்தது: உள்ளே வருவது கொஞ்சம் பிசகாக இருந்தாலும் அனுசரித்து வாசித்துக்கொள். ஜிப்பைப் பொறுத்தவரை அந்த அனுசரிப்பே ஆபத்தாக முடிந்திருக்கிறது. இரண்டு பட்டியல் ஒத்துப்போகவில்லையா, ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா, பெயரில் மேலே ஏறும் புள்ளிகள் இருக்கின்றனவா, அறியாத சுருக்கு முறையா, எதுவானாலும் பிரிக்க மறுத்துவிடுவதே சரி என்பது என் முடிவு. சிலர் இப்போது அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 14க்கென்று எழுதப்படும் ஆப்கள், மேலே ஏறும் பாதை கொண்ட ஜிப் கோப்பைத் தொட்டால் இயங்குதளமே பிழை காட்டி நிறுத்துகிறது. பைத்தான் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐ, இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய கட்டுகளை ஏற்பதில்லை என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் மாறாக, விண்டோஸ் 11இல் ரார், செவன்-இசட், டார் வடிவங்களையும் 2023இல் உள்ளே சேர்த்துக்கொண்டது. அதற்காக எடுத்துக்கொண்ட லிப்ஆர்க்கைவ் நூலகத்தின் ஓட்டைகளுக்கு 2024 ஜனவரியிலேயே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. மூன்றாம் தரப்பு மென்பொருள் இல்லாமலே ரார் திறக்கலாம் என்பது கடைக்காரருக்கு நல்லதுதான். புதுப்பிக்காத வின்ரார் ஒழியும், திருத்தம் விண்டோஸோடு தானே வரும். ஆனால் அது விண்டோஸ் 11 உள்ளவருக்கு.

தமிழ்நாட்டில் 15-9-2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். பல வீடுகளில் முதல் கணினி அதுதான். ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்த விண்டோஸ் 7க்கு 14-1-2020 அன்றே ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கு 14-10-2025 அன்று நின்றது. நல்ல நிலையில் ஓடுகிற கணினியை, திருத்தம் வராது என்பதற்காக மட்டும் தூக்கிப்போடும் வசதி இங்கே யாருக்கும் இல்லை. அந்த மடிக்கணினிகளில் ஏற்கனவே இருந்த லினக்ஸ் பக்கத்தை யாரும் பயன்படுத்தக் கற்றுத் தரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது. பழைய எந்திரத்திலும் புதிய திருத்தம் பெறும் வழி அதில் இருந்தது.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2004 முதல் இயங்குகிறது, வின்ரார் போன்ற மென்பொருள்களின் ஓட்டைகளுக்கு அறிவுரையும் வெளியிடுகிறது. அந்த அறிவுரை மாவட்ட மின்னாளுமைப் பிரிவு வழியாக ஒவ்வொரு இ-சேவை மையத்துக்கும் தமிழில், ‘இந்தப் பதிப்புக்குக் கீழே இருந்தால் எடுத்துவிடுங்கள், இதை நிறுவுங்கள்’ என்ற அளவுக்கு நேராகப் போக வேண்டும். ஒரு மையத்தின் கணினியில் நாள்தோறும் நூறு பேரின் ஆதாரும் பட்டாவும் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகின்றன என்றால், அந்த ஒரு கணினியின் வின்ரார் பதிப்பு அந்த மையத்தை நடத்துபவரின் சொந்த விஷயம் இல்லை. பணம் போய்விட்டால் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் போன பணத்தை வங்கிகளில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ஏபிகேயை நிறுவிவிட்டது தெரிந்தால் முதலில் சிம்மைக் கழற்றி, இணையத்தை அணைத்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் போனிலேயே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குத்தான் போகும்.